டாக்ஸி எண்ணுக்கு அப்புறம்

ஆசிரியருக்கு, தேசிய கணித தினத்தன்று தங்கள் நாளிதழில் வந்த ராமானுஜன் கட்டுரை, வழக்கம்போல 1729 டாக்ஸி எண்ணோடு (இரண்டு கன எண்களின் கூட்டலாக இரு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண்) முடிந்துவிட்டது. சரி, அப்புறம்? 1, 2, 3 என ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு முழு எண்ணைத் தருவது டௌ சார்பு. அதன் மதிப்புகள் எவ்வளவு பெரிதாகலாம் என்று 1916இல் அவர் ஊகித்த வரம்பு 58 ஆண்டுகள் நிரூபணமின்றிக் கிடந்தது. 1974இல் அதை நிரூபித்தவர் பெல்ஜியத்தின் பியேர் டெலின். எண் கோட்பாட்டுக் கேள்விக்கு விடை, சமன்பாடுகளை வடிவங்களாகப் பார்க்கும் இயற்கணித வடிவியலிலிருந்து வந்தது. 1978இல் ஃபீல்ட்ஸ் பதக்கம், 2013இல் ஏபெல் பரிசு என்று கணிதத்தின் உச்ச விருதுகளைப் பெற்ற அவரைப் பற்றி இங்கே எழுதுவார் இல்லை.

இதெல்லாம் பிள்ளைகளுக்குப் புரியாது என்பது நம் சோம்பல்தான். கணக்கு ஆசிரியராக இருந்தபோது ஒருநாள் கரும்பலகையில் டௌ மதிப்புகளை 1, -24, 252, -1472, 4830, -6048 என்று எழுதிப்போட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, "இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்கினால் ஆறாவது வருது சார்" என்றாள். ராமானுஜன் கவனித்ததும் அதைத்தான்! அடுத்த கணித தினத்திலாவது அவருடைய ஊகங்களைப் பின்னால் நிரூபித்தவர்களைப் பற்றி அரைப் பக்கம் ஒதுக்குங்கள். மாணவர்கள் போட்டுப் பார்க்க ஒரு கணக்கையும் சேர்த்து.

— ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கும்பகோணம்