நச்சை எங்களை எடைபோட வைக்காதீர்கள்

ஆய்வகங்களுக்கு இயற்கை நச்சுகளைத் தயாரித்து விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். நரம்பணுக்களில் ஓடும் மின்னோட்டத்தை அளப்பது என் வேலை. நரம்பணுவின் சவ்வில் சோடியம் அயனிகளை உள்ளே விடும் வாசல்களான சோடியம் கால்வாய்களை மட்டும் அடைத்துவிட்டு மற்றவற்றைப் பார்க்க வேண்டுமென்றால், பேத்தை மீனின் நச்சான டெட்ரோடோடாக்சினைத்தான் நாங்கள் பெரும்பாலும் நாடுகிறோம். கட்டுவிரியன் இனப் பாம்பின் நச்சான ஆல்ஃபா-பங்காரோடாக்சினைத் தூண்டிலாகப் போட்டுத்தான், நரம்பின் செய்தியைத் தசை வாங்கிக்கொள்ளும் புரதமான அசிட்டைல்கோலின் ஏற்பியை மின்மீன்களிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஆக, உங்கள் சரக்கு மீது எனக்குக் குறையில்லை. குறையெல்லாம் குப்பி மீதுதான்.

புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருவர் அண்மையில் ஒரு குப்பியை விளக்கொளியில் பிடித்து, "இது காலி போலிருக்கிறதே" என்றார். காலியில்லை. 1 மில்லிகிராம் டெட்ரோடோடாக்சின், கண்ணாடியில் மூச்சுப் பட்டதுபோல அடியில் படிந்திருந்தது. மூடியின் உட்புறத்திலும் கொஞ்சம். ஓர் ஆளைக் கொல்ல ஓரிரு மில்லிகிராம் போதும் என்கிறார்கள். மாற்று மருந்தும் கிடையாது. திறக்குமுன் மையவிலக்கியில் ஒரு சுற்று சுற்றினால் தூள் அடியில் இறங்கிவிடும். அந்த ஒரு வரி குப்பியோடு வரும் உங்கள் தாளில் இல்லை.

பெரிய குப்பியை வாங்கிப் பிரித்துக்கொள்ளும்போதுதான் ஆபத்து அதிகம். கையுறையின் நிலைமின்னாற்றலில் தூள் கரண்டியிலிருந்து துள்ளி ஓடும். தராசின் முன் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது ஆராய்ச்சியா? ஒரு சோதனைக்கு வேண்டிய அளவையே குப்பியில் அடைத்து, குப்பிக்குள்ளேயே கரைக்கும்படி கொடுங்கள். சிலர் ஏற்கெனவே கொடுக்கிறார்கள். ரப்பர் மூடியில் ஊசி குத்தும் வகை வேண்டாம். தவறி விரலில் குத்தினால் தூளைவிட மோசம். அமிலத்தன்மையுள்ள சிட்ரேட் கரைசலாக உறைய வைத்து அனுப்பினால் இன்னும் நல்லது, நச்சும் கெடாமல் இருக்கும்.

அப்புறம், லேபிள். விற்பனை எண் பெரிதாக இருக்கிறது, எப்படிச் செயலிழக்கச் செய்வது என்பது எங்கோ பாதுகாப்புத் தாளின் உள்பக்கத்தில். ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கலத்தில்) வைத்தால் போதும் என்று நினைப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். டெட்ரோடோடாக்சின் அந்த வெப்பத்துக்கு மசியாது, காரத்துக்குத்தான் மசியும். அதைக் குப்பியின் மேலேயே எழுதுங்கள். இடம் போதவில்லையென்றால் உங்கள் சின்னத்தைச் சிறிதாக்குங்கள்.

இப்படிக்கு,
லேபிளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் ஓர் ஆய்வாளர்