கம்பெனியை மூடிவிட்டால் கோப்புகள் என்ன ஆகும்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

அரசு அலுவலகங்கள் கட்டற்ற மென்பொருளுக்கு, அதாவது யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமை உள்ள மென்பொருளுக்கு, மாறுவதைப் பற்றிச் சில நாள்களுக்கு முன் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ஓசியில் கிடைப்பதை நம்பி அரசாங்க வேலையை ஒப்படைக்கலாமா என்று கேட்டிருந்தார். கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் டைப்பிங், ஜெராக்ஸ் கடை நடத்துகிறவள் நான். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கடை திறக்கும் முன்பே “யக்கா, ஒரு மனு அடிக்கணும்” என்று ஆள் நிற்கும். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், மடை அடைப்பு என்று எல்லாம் வரும். டைப்ரைட்டிங்கில் தமிழ் ஹையர் முடித்ததுதான் என் படிப்பு. ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு விஷயம் இருக்கிறது.

கடை ஆரம்பித்த காலத்தில் தமிழ் அடிக்கக் காசு கொடுத்துத்தான் மென்பொருள் வாங்கினோம். கூடவே கட்டைவிரல் அளவுக்கு ஒரு பூட்டு தருவார்கள். பிரிண்டர் வயர் மாட்டும் இடத்தில் அதைச் செருகினால்தான் தமிழ் வரும். அந்தக் கம்பெனியின் பெயர் வேண்டாம், இப்போது கம்பெனியே இல்லை. பூட்டு இன்னமும் என் மேஜை டிராயரில் கிடக்கிறது. அதை மாட்டுகிற துளை இன்றைய கம்ப்யூட்டர்களில் கிடையாது.

போன வருஷம் பத்திர எழுத்தர் ஒருவரின் மகன் ஒரு சிடி கொண்டுவந்தார். அப்பா காலத்துப் பாகப்பிரிவினை நகல்கள் அதில் இருந்தன. திறந்தால் ஓர் எழுத்துகூடத் தமிழாக இல்லை, தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகக் கொட்டியது. அந்த மென்பொருள் ‘க’வை ‘க’ என்றே சேமிக்காது. வேறு ஏதோ எழுத்துக்கு உரிய எண்ணில் ‘க’வின் உருவத்தை ஒட்டி வைத்திருக்கும். எந்த எண்ணில் எந்த எழுத்து என்ற அட்டவணை கம்பெனிக்காரனுக்கு மட்டும்தான் தெரியும். நல்லவேளையாக ஒரு பத்திரத்தின் பிரிண்ட் அவர் வீட்டில் இருந்தது. அதையும் திரையையும் பக்கத்தில் வைத்து, இந்தக் குறி கொம்பு, இந்தக் குறி கால் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே போனோம். ‘கொ’ ஒன்றுக்கே மூன்று குறி. நான்கெல்லை விவரம் தெளிவாக வந்தது, சாட்சிகள் பெயரில் இரண்டு கடைசி வரை பிடிபடவில்லை. காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் தந்த பாதுகாப்பு இவ்வளவுதான்.

இப்போது நான் மனு அடிப்பது லிப்ரே ஆபீஸ் என்ற கட்டற்ற மென்பொருளில், எந்த எண்ணில் எந்த எழுத்து என்று உலகத்துக்கே பொதுவாக வைத்த யூனிகோடு அட்டவணைப்படி. லிப்ரே ஆபீஸின் பூர்வீகம் ஜெர்மனியில் பிறந்த ஸ்டார் ஆபீஸ். 1999இல் சன் என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் நிறுவனம் அதை வாங்கியது, அடுத்த வருஷமே மூலநிரலை, அதாவது மென்பொருளை எழுதிய வரிகளை, ஊரறியத் திறந்துவிட்டது. ஓப்பன் ஆபீஸ் வந்தது அப்படித்தான். 2010இல் சன்னையே ஆரக்கிள் என்ற இன்னொரு கம்பெனி வாங்கிக்கொண்டது. புது முதலாளியின் போக்கில் நம்பிக்கை இல்லாத நிரலர்கள் பலர் அந்த செப்டம்பரிலேயே மூலநிரலைப் பிரதி எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனார்கள். அதுதான் லிப்ரே ஆபீஸ். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை, உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. கம்பெனி கைமாறியும் அந்த நாளில் அடித்த கோப்புகள் இன்றைக்கும் திறக்கின்றன. அதன் கோப்பு வடிவம் 2006 முதல் சர்வதேசத் தரம், அட்டவணை எவனுடைய பெட்டியிலும் பூட்டிக் கிடக்கவில்லை.

கட்டற்ற மென்பொருள் என்பது ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்க நிரலர் 1983இல் தொடங்கிய வேலை. எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி ஓடுகிறது என்று பார்க்கலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், திருத்தியதையும் கொடுக்கலாம் என்ற நான்கு உரிமைகளைத்தான் அவர் கேட்டார். வயக்காட்டு மோட்டார் புகைந்தால் பேட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ தெரிந்தவரிடம் காயில் கட்டிக்கொள்கிறோமே, மூடியைக் கழற்றக் கம்பெனியிடமா கேட்கிறோம்? விலை என்பது வேறு விஷயம். காசுக்கு விற்கவும் இந்த உரிமங்களில் தடையில்லை. கம்ப்யூட்டரையே இயக்குகிற லினக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளை வைத்தே தொழில் நடத்திய ரெட் ஹேட்டை 2019இல் ஐபிஎம் 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. ஓசிக்காரர்கள் என்கிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கட்டும்.

எல்லோரும் உள்ளே பார்க்கலாம் என்றால் திருடனும் பார்ப்பானே என்றும் அந்த வாசகர் கேட்கிறார். நியாயமான பயம்தான். 2024 தொடக்கத்தில், கோப்புகளைச் சுருக்குகிற எக்ஸ்இசட் என்ற சிறு கட்டற்ற மென்பொருளில் ஒருவன் உண்மையிலேயே கள்ளவாசல் வைத்துவிட்டான், அதுவும் கூடவே இருந்து வேலைசெய்து நம்பிக்கை சம்பாதித்து. ஆண்ட்ரஸ் பிராயிண்ட் என்ற நிரலருக்கு, தன் கம்ப்யூட்டரில் உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி அதிகம் ஆகிறதே என்று உறுத்தியது. தோண்டிப் பார்த்தார், பிடித்துவிட்டார். மூடி வைத்த மென்பொருளாக இருந்தால் கம்பெனிக்குப் புகார் எழுதிவிட்டு அவரும் காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் இப்படிப்பட்ட மென்பொருள் பலவற்றை ஒன்றிரண்டு பேர் சம்பளமில்லாமல் தாங்கிப் பிடிக்கிறார்கள் என்பதும் உண்மை. அது எனக்கும் கவலைதான்.

என் கடையிலும் எல்லாம் மாறிவிடவில்லை. கல்யாணப் பத்திரிகை, பிளக்ஸ் டிசைனுக்குப் பழைய மெஷின் ஒன்று பழைய மென்பொருளோடுதான் ஓடுகிறது. அச்சகத்தார் அந்தக் கோப்பைத்தான் கேட்கிறார்கள். மனுவுக்கும் கடிதத்துக்கும் லினக்ஸ் போட்ட மெஷின். தமிழ்99 என்ற விசைப்பலகை முறை மட்டுமல்லாமல் நாங்கள் படித்த பழைய டைப்ரைட்டர் விசைப்பலகையும் அதில் கிடைக்கிறது, விரலைப் புதிதாகப் பழக்க வேண்டியிருக்கவில்லை.

அரசு அலுவலகங்கள் எல்லாவற்றையும் நாளைக்கே மாற்றச் சொல்லவில்லை. மத்திய அரசு 2015இல், இப்படி மூலநிரல் திறந்திருக்கும் திறமூல மென்பொருளுக்கு என்று ஒரு கொள்கையே வெளியிட்டிருக்கிறது, வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது. பஞ்சாயத்து முதல் கூட்டுறவு சங்கம் வரை டெண்டர் விடும்போது இரண்டு கேள்வி கேட்டால் போதும்: கோப்பு எந்த வடிவத்தில் சேமிக்கப்படும், கம்பெனியை மூடிவிட்டால் மூலநிரல் யார் கைக்கு வரும்?

அப்புறம், பழைய தமிழ் எழுத்துருவில் கோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மெஷின் ஓடும்போதே ஒவ்வொரு கோப்பிலும் என்ன எழுத்துரு என்று குறித்து வையுங்கள். யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள் அதைத்தான் கேட்கும். நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் அது சிதைந்து வரும், ‘ஔ’ பல இடங்களில் ‘ஒள’ ஆகிவிடும். ஒரு பிரிண்ட் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபாருங்கள்.

இப்படிக்கு,
டைப்பிங் கடைக்காரர்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.