எங்களைச் சர்வே எடுக்குறதுக்கு முன்னாடி எங்கள்ட்டயும் கேளுங்க: ஆய்வு நெறிமுறைக் குழுக்களுக்கும் பிஎச்டி கைடுகளுக்கும் ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழகங்கள்ல எத்திக்ஸ் கமிட்டியில உக்காந்திருக்குற பேராசிரியர்களுக்கும், தீசிஸ்ல கையெழுத்துப் போடுற கைடுகளுக்கும் வணக்கம்.

நான் தமிழ் விக்கிப்பீடியாவுல பதினோரு வருஷமா பங்களிக்கிறேன். பகல்ல ஆபீஸ், ராத்திரி சாப்பிட்டு முடிச்சப்புறம் அண்மைய மாற்றங்கள் பக்கத்தைத் திறந்து வச்சுக்கிட்டு யாராவது கட்டுரையைக் கெடுத்து வச்சிருந்தா சரி பண்றது, புதுசா வந்தவங்க பேச்சுப் பக்கத்துல ரெண்டு வரி எழுதுறது, இது தான் என் வேலை. 2003ல ஆரம்பிச்ச தளம், இன்னைக்கு ஒன்றரை லட்சம் கட்டுரையைத் தாண்டி நிக்குது, ஆனா விடாம தினமும் வந்து கை வைக்கிறவங்களை எண்ணினா ஒரு கல்யாணப் பந்திக்குக் கூடக் காணாது. அந்த அதே கொஞ்சப் பேருக்குத் தான் உங்க மாணவர்களோட ஃபார்ம் எல்லாம் வருது. நூலகவியல், இதழியல், சமூகவியல், கணினி, எந்தத் துறையா இருந்தாலும் மெயில் வர்றது எங்க முப்பது நாப்பது பேருக்குத் தான்.

ஆய்வு வேணாம்னு நான் சொல்லவே இல்ல, தமிழ்ல யார் எழுதுறாங்க, பெண்கள் ஏன் குறைவா இருக்காங்க, வந்தவங்க ஏன் ஆறே மாசத்துல நின்னுடுறாங்க, இதெல்லாம் எங்களுக்கும் தெரிஞ்சாகணும். கேக்குற முறை தான் பிரச்சனை.

எங்க கூட்டத்துல ஒருத்தருக்கு நடந்ததைச் சொல்றேன். அவங்க சம்மதத்தோட தான் எழுதுறேன், இந்தப் பத்தியை அவங்க படிச்சுப் பாத்து சரின்னு சொன்னப்புறம் தான் வெளியிடுறேன், என்ன துறையில எழுதுறாங்கன்னு சொன்னாலே ஆள் யாருன்னு தெரிஞ்சிடும்ங்கறதால அதைச் சொல்லல. ஒரு நாள் ராத்திரி அவங்களுக்கு ஒரு மெயில், 46 கேள்வி, முழுக்க இங்கிலீஷ்ல. மேல ஒரு பெட்டி, "நெறிமுறைக் குழு ஒப்புதல் பெறப்பட்டது, உங்கள் பெயர் எங்கும் வெளியாகாது"ன்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு வாக்கியம், அதுல டிக் போட்டாத் தான் அடுத்த பக்கம் போகும். நம்பி டிக் போட்டாங்க. கடைசிக் கேள்வி, சமூகத்துல உங்களுக்கு மனவருத்தம் ஏதாவது உண்டான்னு. ஒரு நிர்வாகியோட நடந்த சண்டையை மனசு விட்டு எழுதிட்டாங்க.

ரெண்டு வருஷம் கழிச்சு தீசிஸ் ஆன்லைன்ல வந்துச்சு. பேர் இல்ல, ஒரு நம்பர் தான் இருந்துச்சு. ஆனா நம்பருக்குப் பக்கத்துல வயசு, பாலினம், தொழில், எந்த வருஷம் சேந்தாங்க, எவ்வளவு தொகுப்பு (கட்டுரைகள்ல பண்ற திருத்தம்) பண்ணிருக்காங்க, எதைப் பத்தி எழுதுறாங்க, எல்லாம் வரிசையா. அதுக்குக் கீழ அந்தச் சண்டைக் கதை அப்படியே. அன்னைக்கு எனக்குப் போன் பண்ணாங்க, "பேர் வராதுன்னாங்க, பேர் வரல தான், ஆனா காலையிலருந்து நாலு பேர் என்னைக் கேட்டுட்டாங்க தம்பி"ன்னாங்க. அதுக்கப்புறம் அவங்க ஒரு தொகுப்பு கூடப் பண்ணல.

இதுல உங்க கமிட்டி எந்த விதியை மீறுச்சுன்னு கேட்டா ஒருவேளை எதையுமே மீறலன்னு தான் பதில் வரும், என் வருத்தமே அது தான். விக்கிப்பீடியாவுல ஒரு பயனர் எப்பக் கணக்கு தொடங்கினார், இதுவரைக்கும் எத்தனை தொகுப்பு, இது ரெண்டும் யார் வேணா பாக்கலாம். அதனால ஃபார்ம்ல "எந்த ஆண்டு சேர்ந்தீர்கள்", "எத்தனை தொகுப்புகள்"னு ரெண்டு கேள்வி சாதாரணமாத் தான் தெரியும், ஆனா எங்க மாதிரி சின்ன சமூகத்துல அது ஆதார் நம்பர் கேக்குற மாதிரி. பத்தாயிரம் பேர் பதில் சொல்ற சர்வேல பேரை எடுத்தா ஆள் மறைஞ்சிடுவாங்க, முப்பது பேர் பதில் சொல்ற சர்வேல மறைய மாட்டாங்க. இது கமிட்டியில உக்காந்திருக்குறவங்களுக்குத் தெரிய வாய்ப்பில்ல, எங்களுக்குத் தெரியும், ஆனா எங்கள்ட்ட யாரும் கேக்கல.

இது தமிழ்நாட்டுல மட்டும் நடக்குற விஷயமும் இல்ல. அமெரிக்காவுல மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லினக்ஸ் இயங்குதளத்தோட மையமான கெர்னலுக்கு வேணும்னே ஓட்டை உள்ள பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பி, பராமரிக்கிறவங்க கண்டுபிடிக்கிறாங்களான்னு சோதிச்சாங்க, இது மனுஷங்க மேல பண்ற ஆய்வே இல்லன்னு அவங்க கமிட்டி விலக்கு குடுத்துச்சு. பேட்ச்சைப் படிச்சுப் பாத்து நேரத்தைச் செலவழிச்சவங்க மனுஷங்க இல்லையா? 2021 ஏப்ரல்ல கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் க்ரோவா ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்துலருந்து வர்றது எதையும் இனிமே ஏத்துக்க மாட்டோம்னு சொல்லிட்டார், ஆய்வாளர்கள் மன்னிப்புக் கேட்டுக் கட்டுரையையே திரும்ப வாங்கிக்கிட்டாங்க. அதே வருஷம் டிசம்பர்ல பிரின்ஸ்டன் ஆய்வு ஒண்ணு, வெப்சைட் நடத்துறவங்களுக்குப் பொதுஜனம் எழுதுற மாதிரி தனியுரிமை பத்திக் கேள்வி கேட்டு மெயில் அனுப்புச்சு, கலிஃபோர்னியா சட்டப்படி 45 நாளைக்குள்ள பதில் சொல்லணும்னு வேற எழுதியிருந்துச்சு. சொந்த ஆர்வத்துல சின்னதா ஒரு தளம் நடத்துறவங்க கூட கேஸ் வந்துடுமோன்னு பயந்து போனாங்க. அங்கயும் கமிட்டி சொன்னது இது மனுஷ ஆய்வுல சேராதுன்னு தான். எதிர்ப்பு வந்தப்புறம் நிறுத்தி மன்னிப்புக் கேட்டாங்க.

இந்தியாவுல சட்டம் காப்பாத்தும்னு நான் பெருசா நம்பல, 2023ல வந்த தனிநபர் தரவுச் சட்டத்துலயே ஆய்வுக்கும் புள்ளிவிவரத்துக்கும் விலக்கு இருக்கு. அதனால தான் உங்களுக்கு எழுதுறேன்.

விக்கிப்பீடியாவை நடத்துற விக்கிமீடியாவுல 2010ல ஆய்வுக்குன்னு ஒரு கமிட்டி அமைச்சாங்க, பங்களிப்பாளர்களை ஆய்வுக்குக் கூப்புடுற வேண்டுகோளை அந்தக் கமிட்டி பாத்து ஆலோசனை சொல்லுச்சு, அது நாளடைவுல செயல்படாமப் போயிடுச்சு. ஆனா எல்லா மொழி விக்கிக்காரங்களுக்கும் பொதுவான மெட்டா விக்கி தளத்துல ஆய்வுத் திட்டத்துக்குத் தனிப் பக்கம் தொடங்குற வழக்கம் இன்னும் இருக்கு. தமிழ் விக்கிப்பீடியாவுல ஆலமரத்தடின்னு ஒரு பக்கம் இருக்கு, பேருக்கேத்த மாதிரி எல்லாரும் கூடிப் பேசுற இடம். உங்க மாணவர் அங்க வந்து நான் இன்னார், இது என் கேள்வி, இவ்வளவு பேர் தேவை, டேட்டாவை இத்தனை வருஷம் வச்சிருப்பேன், இவர் என் கைடுன்னு எழுதட்டும். ஒரு வாரம் பேசுவோம். அந்த 46ல இருபது கேள்விக்குப் பதில் ஏற்கனவே பொதுவுல இருக்குன்னு நாங்களே காட்டுவோம், எந்தக் கேள்வி ஆளைக் காட்டிக்குடுக்கும்னும் சொல்லுவோம். அந்தப் பேச்சோட இணைப்பு இல்லாம வர்ற விண்ணப்பத்துக்கு நீங்க ஒப்புதல் குடுக்கக் கூடாது, நான் கேக்குறது இது தான். ஒருத்தர் சொன்னதை அப்படியே எடுத்துப் போடுறதா இருந்தா அச்சுக்கு முன்னாடி அவர்ட்ட காட்டணும், முடிவைத் தமிழ்ல நாலு பக்கமாவது எழுதி ஆலமரத்தடியிலயே போடணும். எனக்குத் தெரிஞ்சு நான் நிரப்பிக் குடுத்த ஃபார்ம்ல ஒண்ணுக்குக் கூட முடிவு என்னன்னு யாரும் திரும்பி வந்து சொன்னதில்ல.

அந்த தீசிஸ்ல அந்த ஒரு பக்கத்தை மட்டும் திருத்தணும்னு கைடுக்கு ரெண்டு மெயில் போயிருக்கு, முதல் மெயில் போன வருஷம் ஆவணியில. பதில் இன்னும் வரல. இதைப் படிக்கிற கைடு யாராவது உங்க மாணவர் தீசிஸ்ல இப்படி ஒரு பக்கம் இருக்குன்னு தோணினா தயவுசெஞ்சு இன்னைக்கே எடுத்துப் பாருங்க.