எய்யா, அந்த யூரின் டெஸ்ட்டையும் எடுத்துரு

எய்யா,

போன் பண்ணுனா மீட்டிங்ல இருக்கேம்மான்னு வச்சிருத, அதான் வாட்ஸ்அப்ல டைப் பண்ணுதேன், பொறுமையா படி.

அப்பா நல்லா இருக்காவ. போன மாசம் பாளையங்கோட்டையில சுகர் டாக்டரம்மாட்ட கூட்டிட்டு போனேன், கிட்னிக்கு பாக்குத ரத்த டெஸ்ட்டுல கிரியாட்டினின் 0.9, நார்மல்னு இவிய எந்திரிச்சிட்டாவ, அந்தம்மா இருங்கன்னு ஒக்கார வச்சு காலைல மொத யூரின்ல ஆல்புமின்னு ஒரு புரதம் ஒழுகுதான்னும் பாக்கணும்னுட்டாவ. பாத்தா 48. 30க்குள்ள இருக்கணுமாம். காய்ச்சல், நீர்க்கடுப்பு இருந்தாலும் கூடிருமாம், அதனால மறுபடி எடுத்துப் பாத்துதான் முடிவு பண்ணணும்னு சொல்லிருக்காவ. பாதி கிட்னி போன பொறவு கூட கிரியாட்டினின் நார்மல்னு காட்டுமாம், யூரின்லதான் முன்னாடியே தெரியுமாம், இப்ப புடிச்சா மாத்திரையிலயே ரொம்ப நாள் தள்ளிரலாமாம்.

உங்கிட்ட சும்மாதான் சொல்லுதேன்.

சும்மா இல்ல. உனக்கு சுகர்னு எனக்கு பொங்கலுக்கே தெரியும். யாரு சொன்னான்னு கேக்காத, அந்தப் புள்ளைய ஏசாத, பயந்துபோய் சொன்னா. எம்மவன் துபாய்ல இஞ்சினியருன்னு தெரு பூரா சொல்லிட்டுத் திரியுதேன், பெத்தவகிட்ட சொல்ல உனக்கு வாய் வரலல்லா.

பெரியப்பா கைய மறந்துட்டியா? டயாலிசிஸுக்கு ஊசி போடுத நரம்பு பொடச்சுப் போய் கெடக்கும், நீதான் தொட்டுப் பாத்துட்டு உள்ள விர்ருன்னு ஓடுது பெரியப்பான்னு கத்துன. எனக்கு ஒண்ணுமே செய்யலியேன்னுதான் அவியளும் கடைசிவரை சொன்னாவ. அது ஒண்ணும் செய்யாதுய்யா, வலிக்காது, கால் வீங்கும்போது பாதி முடிஞ்சிருக்கும்.

நம்ம வீட்டு சுகருக்கு, அதான் டைப் 2, கண்டுபுடிச்ச உடனே இந்த யூரின் டெஸ்ட்ட எடுக்கணும், பொறவு வருசா வருசம். லேப்ல ஆல்புமின் கிரியாட்டினின் ரேசியோன்னு சொல்லிக் கேளு, அப்பாவுக்கு 48னு வந்தது அதுதான், வெறும் யூரின் ரொட்டீன் எடுத்துட்டு எல்லாம் எடுத்தாச்சும்மான்னு நிக்காத. பிரசரும் பாரு. முதுகு வலின்னு நீயா மெடிக்கல்ல மாத்திரை வாங்கி முழுங்காத, அது கிட்னியதான் அடிக்கும். இந்த தடவ கல்லிடைக்குறிச்சி அப்பளம் குடுத்து விடல, உப்பு. கருப்பட்டியும் கெடையாது. டெஸ்ட்ட எடு.

தங்கச்சி வளைகாப்பு சேதி சொல்லணும்னுதான் ஆரம்பிச்சேன், அது பொறவு. ரிப்போர்ட்ட எனக்கு மட்டும் அனுப்பு, அப்பாவுக்கு இன்னும் சொல்லல, கேட்டா அவியளுக்கு பிரசர் ஏறிரும்.

அம்மா