தை மாதம் வரை அந்த வேலியைத் தொடாதீர்கள்

கொங்குப் பகுதி ஊராட்சி நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். மழை பெய்து பாதையோரம் பச்சை பிடித்ததும் புதரை அகற்றச் சொல்லி உத்தரவு போடுகிறீர்கள். வழியை அடைக்கும் முள்ளை வெட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வெட்டுவதோடு நிற்பதில்லை. ஜேசிபியை விட்டு, கிளுவைச் செடி வளர்ந்து நிற்கும் உயிர்வேலியை அடிமண்ணோடு வழித்து எடுக்கிறார்கள். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறது.

நம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று சொல்கிறோமே, அதே கொடிதான். பூக்காத நாளிலும் இதை அடையாளம் காணலாம். இலையின் நுனி நீண்டு சுருண்டு, பக்கத்துக் கிளையைப் பற்றிக்கொள்ளும். வேறு பற்றுக்கம்பி கிடையாது, இலையே கை. பூ தலைகுனிந்து தொங்கும். விளிம்பு நெளிந்த ஆறு இதழ்களும் பின்னோக்கி மேலே வளைந்திருக்கும். முதலில் பச்சை, அப்புறம் மஞ்சள், கடைசியில் நல்ல சிவப்பு. சூல்தண்டு மட்டும் அடியிலேயே மடிந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தப் பைகளும் பூவைச் சுற்றி வெளியே தள்ளி நிற்பதால், தேன் குடிக்க வரும் பெரிய வண்ணத்துப்பூச்சியின் இறக்கை அவற்றில் உரசும். மகரந்தம் அப்படித்தான் அடுத்த பூவுக்குப் போகிறது. தேன்சிட்டுகளும் வரும்.

இலையில் கறுப்பு உடம்பும் வெள்ளை, சிவப்புப் புள்ளிகளுமாகப் புழுக்களைப் பார்த்தால் மருந்தடிக்கச் சொல்லாதீர்கள். காந்தள் குடும்பத்துச் செடிகளைத் தின்று வளரும் அந்துப்பூச்சியின் புழு அது. நஞ்சுள்ள இந்த இலைதான் அதற்குச் சோறு.

மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காக இதைப் பயிரிடுகிறவர்கள் காலை நேரத்தில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் வைக்கிறார்கள். எவ்வளவு ஆள்கூலி அது! பூச்சிகள் தங்க இடமில்லாமல் வேலியை எல்லாம் வழித்துவிட்டால் அந்தப் பாடு இன்னும் கூடத்தான் செய்யும். நடுவதற்கான கிழங்கைக் காடுகளிலும் வேலிகளிலும் தோண்டி எடுப்பதும் நடக்கிறது. பொது நிலத்திலாவது அதைத் தடுங்கள்.

மருந்து என்ற பேச்சில் மட்டும் மிகவும் கவனம் தேவை. இதன் விதையிலும் கிழங்கிலும் உள்ள கோல்சிசின் என்ற வேதிப்பொருள் கீல்வாத மாத்திரைக்குப் பயன்படுகிறது. சித்த மருத்துவத்தில் கிழங்கை முறைப்படி சுத்தி செய்த பிறகே சேர்க்கிறார்கள். அது படித்த வைத்தியரின் வேலை, வீட்டில் செய்து பார்ப்பதல்ல. செடி முழுவதும் நஞ்சு. கலப்பை போல வளைந்த இந்தக் கிழங்கைத் தின்னும் கிழங்கு என்று நினைத்துச் சமைத்து உயிரிழந்தவர்கள் உண்டு. தெரியாமல் யாராவது தின்றுவிட்டால், வாந்தி பேதி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நூறு நாள் வேலைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள். மண்வெட்டியில் கிழங்கு வந்தால் அங்கேயே புதைத்துவிட்டுக் கையைக் கழுவச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்து வேலியிலோ அங்கன்வாடி வாசலிலோ இந்தக் கொடி வேண்டாம். அங்கே முளைத்தால் கிழங்கோடு எடுத்து ஆளில்லாத ஓரமாக நட்டுவிடலாம்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை. ஆடி, ஆவணியில் கொடி எழும்பும். ஐப்பசி, கார்த்திகையில் பூ நிறைந்திருக்கும். தை வாக்கில் காய் வெடித்து ஆரஞ்சு விதை வெளியே தெரியும். அதுவரை கிளுவை வேலியைத் தொடாதீர்கள். அப்புறம் கொடி தானாகவே காய்ந்துவிடும், கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். அப்போது அரிவாளால் மேலாகக் கழித்துவிடுங்கள், ஜேசிபி வேண்டாம்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதை ஒரு தீர்மானமாகவே வைக்கலாம். எந்தெந்த வேலியில் கொடி இருக்கிறது என்று ஆடு மேய்க்கிறவர்களைக் கேளுங்கள், அவர்களுக்கு அத்துப்படி.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்து ஊர்க்காரன்