மஞ்சள் வந்தது, நம்பிக்கை வரவில்லை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கோபித்துக்கொள்ளாதே, இந்த மூன்று வாரமும் ஒரு மஞ்சள் நிறத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சியை உதறிவிட்டுப் பள்ளிக்கூடம் போன நீதான் பிழைக்கத் தெரிந்தவன் என்று நடுவில் பலமுறை தோன்றியது.

"பூஞ்சையின் நொதிதானே, பூஞ்சையையே வளர்த்து எடுத்தால் என்ன?" என்று கேட்டிருந்தாய். நான் பிடித்திருப்பது கியூட்டினேஸ். பட்டாணிச் செடியைத் தாக்கும் ஒரு ஃபியூசேரியம் பூஞ்சை, இலை மேலிருக்கும் கியூட்டின் உறையைச் சிதைத்து உள்ளே நுழைய வைத்திருக்கும் ஆயுதம் அது. கியூட்டினும் ஒருவகை பாலியெஸ்டர்தான். அதனால் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) என்ற பாலியெஸ்டர் பிளாஸ்டிக்கையும் இந்த நொதி கொஞ்சம் அரிக்கும், இப்போது இதன் மேல் எல்லார் கண்ணும் படுவதற்கு அதுதான் காரணம். பூஞ்சையை வளர்த்தால் அது கக்குகிற திரவத்தில் பத்து வகை நொதி கலந்து வரும். எது வேலை செய்தது என்று பிறகு யாரைக் கேட்பது? மரபணுவை ஈ. கோலை என்ற பாக்டீரியாவுக்குள் வைத்துவிட்டால் ஒன்றை மட்டும் பிரித்தெடுக்கலாம். நினைத்த இடத்தில் ஓர் எழுத்தை மாற்றியும் பார்க்கலாம். எனக்கு இந்த இரண்டாவதுதான் முக்கியம். ஏன் என்று கடைசியில் புரியும்.

முதல் முறை புத்தகத்தில் உள்ளபடியே செய்தேன். 37 டிகிரி, மரபணுவை முடுக்கிவிடும் ஐபிடிஜி போட்டு மூன்று மணி நேரம். புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில், இந்த நொதியின் எடையான 22 கிலோடால்டன் பக்கத்தில் கொழுத்த பட்டை. எனக்குத் தலைகால் புரியவில்லை. செல்களை உடைத்து சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால், அத்தனையும் அடியில் சுண்ணாம்பு மாதிரி உட்கார்ந்துவிட்டது. மேலே நின்ற தெளிந்த நீரில் ஒன்றுமில்லை.

பாக்டீரியா செய்யாமல் இல்லை, அவசர அவசரமாகச் செய்து குவித்துவிட்டது. இந்தப் புரதத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் நான்கு இடத்தில் இருக்கிறது. அவை இரண்டு ஜோடியாகக் கைகோத்தால்தான் மடிப்பு நிற்கும். ஈ. கோலையின் செல்நீர் அவற்றை அப்படிக் கைகோக்கவிடாத சூழல். மடியத் தெரியாத புரதங்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். யூரியாவில் கரைத்து மறுபடி மடிக்கப் பார்த்தேன். வேதியியலாளர் ஆன்ஃபின்சனுக்கு ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதி சோதனைக் குழாயில் சொன்னபடி கேட்டு மடிந்தது, 1972-இல் நோபலும் கிடைத்தது. எனக்கு யூரியாவை வெளியேற்றும் டயாலிசிஸ் பையில் பால் திரிந்த மாதிரி வெள்ளையாகத் திரண்டதுதான் மிச்சம்.

பிறகு வழியை மாற்றினேன். புரதத்தின் முன்னால் ஒரு சிறு முகவரித் துண்டு சேர்த்து, ஈ. கோலையின் இரண்டு சவ்வுகளுக்கும் நடுவே உள்ள பெரிப்பிளாசத்துக்கு அனுப்பினேன். அங்கே சிஸ்டீன்களைக் கோத்துவிட பாக்டீரியாவின் சொந்த ஆட்களே இருக்கிறார்கள். வெப்பத்தையும் 18 டிகிரிக்கு இறக்கி, இரவு முழுக்க விட்டேன். காலையில் செல்களைச் சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்து, சட்டென்று பனிநீரில் போட்டால் வெளிச்சவ்வு விரிசல்விட்டு, நடுவில் இருப்பது மட்டும் கசிந்து வரும். செல்லை அரைக்கவே வேண்டாம். நொதியில் நான் ஒட்டவைத்த ஒரு வால் நிக்கலைப் பிடித்துக்கொள்ளும். அதனால் கசிந்ததை நிக்கல் நிரப்பிய குழாயில் ஏற்றி, அந்தப் பிடியை விடுவிக்கும் இமிடசோல் விட்டு இறக்கினேன்.

பாரா-நைட்ரோஃபீனைல் பியூட்டிரேட் என்ற சோதனைப் பொருளைச் சேர்த்ததும் குவெட் என்ற சிறு குப்பியில் மஞ்சள் பரவியது. அது உடைந்தால் நைட்ரோஃபீனால் வரும், அந்த நிறம்தான். அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் உறுத்தல். ஈ. கோலையிடமே எஸ்டரேஸ் என்ற நொதிகள் உண்டு, அவையும் இதை உடைக்கும். நிக்கல் குழாயில் ஒட்டிக்கொண்டு துளி வந்திருந்தாலும் மஞ்சள் வரும். சும்மா வைத்தாலே அந்தப் பொருள் மெல்லத் தானாக உடையும் வேறு.

அதனால் ஒரு செத்த நொதி செய்தேன். 120-ஆம் இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தை அலனின் என்ற இன்னொன்றாக மாற்றினேன். ஓர் ஆக்சிஜன் அணு குறைவு, வேறு வித்தியாசம் கிடையாது. ஆனால் வெட்டும் கை அந்தச் செரின்தான். அதே செல், அதே பனிநீர், அதே நிக்கல் குழாய். இரண்டு குவெட்டையும் அடுத்தடுத்து வைத்து 405 நானோமீட்டரில் பார்த்தேன். ஒன்றில் மஞ்சளின் அளவைக் காட்டும் கோடு செங்குத்தாக ஏறியது. மற்றதில் தானாக உடைவதற்கு உண்டான லேசான சாய்வு மட்டும். அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்னும் ஒன்று பாக்கி. பிரித்தெடுக்க ஒட்டவைத்த ஆறு ஹிஸ்டிடின் வால் இன்னும் தொங்குகிறது. அதை வெட்டிய பிறகு வேகம் மாறுகிறதா என்று அடுத்த வாரம் பார்க்க வேண்டும். பூஞ்சையிடம் இருக்கும் நொதிக்கு அந்த வால் கிடையாது இல்லையா.

வகுப்பில் சொல்ல ஏதாவது கேட்டாயே, இரண்டு குவெட்டின் படமும் இதோடு வைத்திருக்கிறேன். எது எது என்று எழுதவில்லை. உன் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை நீ.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்