பள்ளிக்கரணைக்குப் போகிறோம்: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வருகிற சனிக்கிழமை காலை 6.30 மணிக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு அழைத்துப் போகிறோம். பத்தரைக்கெல்லாம் திரும்பிவிடுவோம். வனத்துறை அனுமதி வாங்கியாயிற்று. "பறவை பார்க்கத்தானே மேடம், வாளியும் கயிறும் எதுக்கு?" என்று வாசலில் இரண்டு மூன்று பேர் கேட்டீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பறவையும் பார்ப்போம். ஆனால் முக்கிய வேலை, நாம் அந்த இடத்தை என்ன பாடு படுத்தியிருக்கிறோம் என்று அளப்பது. கழுவெளி என்று பழைய ஆட்கள் சொல்லும் அந்த நிலம் ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்தது. 2022-இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது சுமார் 1,247 ஹெக்டேர். பெருங்குடி குப்பைமேடு, ரேடியல் ரோடு, ஐ.டி. கட்டடங்கள் எல்லாம் எங்கே எழுந்தன என்று உங்களுக்கே தெரியும். தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போக வேண்டும். தங்க இடமில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2015 வெள்ளத்தில் பார்த்தோம், 2023 மிக்ஜாம் புயலிலும் பார்த்தோம். நம் பழைய வருகைப் பதிவேடுகளில் அந்தத் தண்ணீர்க் கறை இன்னும் இருக்கிறது.

சரி, எப்படி அளப்பது? கறுப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்த தட்டைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்குவோம். எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ, அதுவரைதான் தெளிவு. அப்புறம் சேறு. ஒரு கரண்டி சேற்றை வெள்ளைத் தட்டில் கரைத்தால், நூல் துண்டு மாதிரி சிவப்புப் புழுக்கள் நெளியும். பிராணவாயு குறைந்த சேற்றிலும் பிழைக்கும் ஜென்மம் அது. அது மட்டுமே கிடைத்து, தட்டான் குஞ்சு ஒன்றுகூட இல்லையென்றால் நீரின் நிலையைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். நீரையும் சேற்றையும் ஆசிரியர்கள்தான் எடுப்பார்கள். பிள்ளைகள் யாரும் இறங்க மாட்டார்கள்.

போன வாரம் இதை வகுப்பில் விளக்கும்போது ஒரு மாணவி எழுந்து, "மேடம், நம்ம ஸ்கூல் பாத்ரூம் தண்ணி எங்க போகுது?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பத்து வருடமாக இங்கே இருக்கிறேன்! விசாரித்தால், பின்புறத் தொட்டி நிரம்பும்போது மழைநீர் வடிகாலில் வழிந்துகொண்டிருக்கிறது. ஆகவே பிள்ளைகளின் நோட்டில் முதல் மாதிரி பள்ளியின் வடிகால் வாயிலிருந்துதான். தொட்டியைச் சரிசெய்யவும் ஆள் சொல்லியாயிற்று.

முழுக்கை உடை, பழைய ஷூ, தொப்பி, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் போதும். பிஸ்கட் பாக்கெட் வேண்டாம். டிபன் பாக்ஸில் இட்லி கொடுத்தனுப்புங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இந்தப் பக்கத்து ஆட்களாக இருந்தால், அந்தக் காலத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று அவர்களிடம் கேட்டு எழுதிவரப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஆஸ்துமா, அலர்ஜி இருந்தால் வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கீழே உள்ள சீட்டில் கையெழுத்திட்டு வியாழக்கிழமைக்குள் அனுப்புங்கள். கட்டணம் எதுவும் இல்லை.

அன்புடன்,
தலைமையாசிரியை